பிற எனில் குறிப்பிடவும்

டுலூத்தில் பிப்ரவரி.
ஏரி உறைந்து கிடக்கிறது. அதன்மேல் காற்று
மாடிவீட்டுக்காரர் பீரோ நகர்த்துவதுபோல்
இரவெல்லாம் எதையோ இழுக்கிறது.
ஜன்னல் இல்லாத அறையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு
முப்பத்தொரு குரல்களைத் தட்டச்சு செய்கிறேன்.
நேர்காணல் எடுத்தது வேறு யாரோ.
எனக்கு வருவது ஒலி மட்டும்.

ஆய்வின் தலைப்பு இரண்டு வரி நீளம்.
சுருக்கினால் இவ்வளவுதான்:
படிக்க வந்தவர்கள் ஏன் பாதியில் போகிறார்கள்?
தலைமை ஆய்வாளர் பிராண்ட்வோல்ட் சொல்லியிருக்கிறார்,
பெயரை எடுத்துவிடு, ஊரை எடுத்துவிடு,
"ம்", "வந்து", இருமல் எதுவும் வேண்டாம்.
இருமலை நான் எடுக்கவில்லை.

பங்கேற்பாளர் நான்கு
கால்குலஸில் இருமுறை தோற்றவன்.
"அலுவல் நேரம்" என்று கதவில் எழுதியிருந்தால்
பேராசிரியர் அலுவலாய் இருக்கிறார், தட்டக் கூடாது
என்று ஒன்றரை வருடம் நினைத்திருக்கிறான்.
அப்படியில்லை என்று சொல்ல
அவன் வீட்டில் கல்லூரி பார்த்தவர் இல்லை.

பங்கேற்பாளர் ஒன்பது
பழங்குடி ஒதுக்கு நிலத்திலிருந்து (ஊரை அழித்துவிட்டேன்)
இரண்டு பேருந்து மாறி வருகிறவள்.
"உங்கள் மக்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?"
வகுப்பில் இதுவரை பதினொரு முறை கேட்டிருக்கிறார்கள்.
பதினொன்றாம் முறை சொன்னாளாம்:
"எல்லாருக்கும் போன் போட்டுவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்."
இந்த இடத்தில் ஒலிப்பதிவில் அவளே சிரிக்கிறாள்.
சிரிப்பையும் வைத்துக்கொண்டேன்.

எல்லாவற்றுக்கும் நிறம் உண்டு.
நீலம், இது என் இடம் என்ற உணர்வு.
பச்சை, ஆசிரியரோடு தொடர்பு.
மஞ்சள், பணம்.
மஞ்சள் பேனாதான் எப்போதும் முதலில் காய்ந்துபோகிறது.

பதினேழாம் ஆள்.
கேள்வி எட்டு: உங்கள்மேல் அக்கறை காட்டிய
ஆசிரியர் யாரையாவது சொல்ல முடியுமா?
ஒன்பது நொடி மௌனம்.

"அக்கறைன்னு இல்லை. ஒருத்தங்களைப் பார்த்தேன்.
கீழ் பார்க்கிங்கில், நவம்பர், ராத்திரி எட்டு மணி.
பழைய கார், பின்விளக்கில் டேப் ஒட்டியிருக்கும்.
உள்ளே லைட்டைப் போட்டு, தெர்மாஸ் மூடியில் சூப் குடிச்சுக்கிட்டே
மடியில் வெச்சுப் பேப்பர் திருத்திக்கிட்டிருந்தாங்க.
என்னுதும் அதில் இருந்திருக்கும்.
கண்ணாடியைத் தட்டலாமான்னு நினைச்சேன்.
தட்டலை.
நானும் என் காருக்குத்தான் போய்க்கிட்டிருந்தேன்.
தூங்க."

ஒலியை நிறுத்தினேன்.

டேப் வெள்ளி நிறம். ஒட்டியவள் நான்.
சூப் பட்டாணி சூப், அன்று வியாழன்,
எங்கள் ஃபின்லாந்துப் பாட்டன்மார் விட்டுப்போனதில்
மிச்சம் இருக்கும் ஒரே பழக்கம் அது.
மூன்று கல்லூரி, ஐந்து வகுப்பு, ஒரு மேசை இல்லை.
மணிக்கணக்கில் கூலி பெறும் சில்வி காங்கஸ்,
இந்தப் பக்கத்தில் இனி
"ஆசிரியர், பெண், பகுதிநேரம்."
என் பெயரை நானே எடுத்துவிட்டேன்.

நவம்பரில் நான் கொடுத்த தலைப்பு: என் அறை.
ஒரு கட்டுரை ஞாபகம் வருகிறது.
நாலு பக்கமும் ஜன்னல் உள்ள அறை.
விடியும்போது கண்ணாடியில் உள்பக்கமாய்ப் பனி பூக்கும்,
சுரண்டினால் நகக்கண்ணில் சேரும்,
கால் நீட்ட ஒரு கனவு குறைவு என்று எழுதியிருந்தது.
ஓரத்தில் நான் எழுதினேன், சிவப்பில், என் சுத்தமான கையெழுத்தில்:
"உருவகம் நன்று. சற்றே மிகை."

பட்டியலைத் திறக்கக் கூடாது.
எண்ணுக்குப் பின்னால் முகம் தேட மாட்டேன் என்று
கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.
நிறம் கேட்டுப் பெட்டி காத்திருக்கிறது.
நீலமா, பச்சையா, மஞ்சளா,
பிற எனில் குறிப்பிடவும்.
கர்சர் துடிக்கிறது.
வெறுமையாகவே சேமித்தேன்.

எட்டு மணிக்குக் கீழே இறங்கினேன்.
மூக்குமயிர் உறையும் குளிர்.
இருபத்தாறு வண்டிகள்.
எந்தக் கண்ணாடியில் உள்பக்கம் பூத்திருக்கிறது என்று பார்க்க
எனக்கு அனுமதி இல்லை.

பார்த்தேன்.
என்னுடையதைச் சேர்க்காமல்
நான்கு.